முந்தி வந்த பனியும் வரப்போகும் குளிர்காலமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர் தமிழ் முன்னோர். வடக்கே, குளிர்மிக்க அகலக்கோடுகளில் வாழும் மக்களோ நான்கு பருவங்களையே அறிவர். இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்பன அவை. இந்நான்கினுள்ளும் அவர்கள் அஞ்சி எதிர்நோக்குவது குளிர்காலத்தையே. மார்கழி மாதத்து விடியற்பனியையே பெருங்குளிரெனக் கொள்ளும் இலங்கையருக்கு அதன் கொடுமை எளிதில் விளங்காது. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சில விடியல்களிற் புல்நுனியில் உறைபனி படிந்தாலே அது பத்திரிகைகளிற் படமாக வெளிவருகின்றது. அந்நாடுகளிலோ ஏரியும் ஆறும் இறுகிக் கல்லாகும். வெண்பனி முழங்காலளவு குவிந்து வீட்டு வாயிலை மூடும். குளிர்காக்க வழியற்ற முதியோர் உயிர்துறப்பதும் உண்டு.

ஆகையால் வரப்போகும் குளிர்காலம் கடியதோ மெல்லியதோ என்னும் வினா அங்கே பொழுதுபோக்குக்குரியதன்று. வீட்டுத்தலைவி எவ்வளவு விறகு அடுக்குவது, எவ்வளவு எண்ணெய் வாங்குவது என்று கணக்கிடவேண்டும். மாடு வளர்ப்போன் எத்தனை மாதத்துக்கு உலர்புல் சேர்ப்பது என்று தீர்மானிக்கவேண்டும். வீதிகளிற் பனி இறுகி வண்டிகள் வழுக்காதிருக்க உப்பைத் தூவுவது அந்நாட்டு நகரசபைகளின் வழக்கம். எத்தனை தொன் உப்பு வாங்கி வைப்பது என்பதை அவை முன்கூட்டியே முடிவுசெய்தாகவேண்டும். குறைவாக வாங்கினாற் கடுங்குளிரில் வீதிகள் அடைபடும். மிகுதியாக வாங்கினாற் பொதுப்பணம் கிடங்கிலே முடங்கும்.

இந்நிலையில், இலைகள் இன்னும் முற்றாக உதிராத ஒக்ரோபர் மாதத்திலேயே ஒருநாட் காலை வெண்பனி பொழிந்துவிட்டால் மக்கள் மனம் திடுக்குறுவது இயல்பே. நேற்றுவரை இளவெயில் காய்ந்த முற்றம் இன்று வெளுத்துக் கிடக்கின்றது. கோடையுடைகளைப் பெட்டியில் வைக்குமுன்னரே கம்பளியைத் தேட வேண்டியதாகின்றது. உடனே அயலவர் இருவர் சந்திப்பின், "இப்போதே இப்படியெனில் டிசெம்பரில் எப்படியோ!" என்கின்றார் ஒருவர். "இல்லை, இல்லை; குளிர் இப்போதே கொட்டித் தீர்த்துவிட்டது, இனி அது மெலிந்துவிடும்" என்கின்றார் மற்றவர். இருவர் கூற்றுக்கும் பாட்டன் காலத்துப் பழமொழிகள் சான்றாக நிற்கின்றன. எவர் சொல் மெய்?

இங்கிலாந்துக் கிராமங்களில் இத்தகைய நம்பிக்கைகள் பல. நவம்பர் மாதத்திலே வாத்தொன்றைத் தாங்குமளவு குளத்தில் நீர் இறுகுமாயின், எஞ்சிய குளிர்காலம் சேறும் நீருமாகவே கழியும் என்பது ஒரு பழமொழியின் கருத்து. முந்தி வந்த குளிர் பின்வரும் மென்மைக்கு அறிகுறி என்பது இதனாற் போதரும். அதே கிராமத்திலே வேறொருவர், வேலிச்செடிகளிற் செங்கனிகள் மிகுதியாகக் காய்த்திருப்பதைக் காட்டி, பறவைகளுக்கு இறைவன் உணவு சேமிக்கின்றான், ஆதலாற் குளிர் கடுமையாகும் என்பார். உண்மையிலே அக்கனிகள் கழிந்துபோன இளவேனிலும் கோடையும் எவ்வாறிருந்தன என்பதையே உரைக்கின்றன. பூத்தபோது பனி தாக்காதிருந்தமையாலும், வேண்டிய மழை கிடைத்தமையாலும் செடி நிறையக் காய்த்தது. வரப்போவதைப் பற்றி அச்செடிக்கு ஏதுந் தெரியாது.

ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வேலையை ஒரு மயிர்க்கொட்டிப் புழு செய்கின்றது. ஒருவகை அந்துப்பூச்சியின் குடம்பியாகிய அப்புழுவின் உடலில் 13 கணுக்கள் உண்டு. இரு முனைகளும் கறுத்து, நடுப்பகுதி செம்பழுப்பாய் இருக்கும். பழுப்புப் பட்டை அகன்றிருப்பின் குளிர்காலம் மெல்லிது, கறுப்பு மிகுந்திருப்பின் கடிது என்பது நாட்டார் நம்பிக்கை. நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பூச்சியியல் அறிஞராய் விளங்கிய கரன் என்பவர் 1948 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலே நகருக்கு வடக்கேயுள்ள பெயர் மலைக்குச் சென்று, அப்புழுக்களைப் பிடித்துப் பழுப்புக் கணுக்களை எண்ணினார். அவர் கூறிய எதிர்வுகூறல் பத்திரிகையில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. அதன்பின் ஆண்டுதோறும் நண்பர் சிலருடன் மலையேறிப் புழு எண்ணுவது அவருக்கு வழக்கமாயிற்று. எனினும், தாம் எண்ணிய புழுக்களின் தொகை ஒரு முடிபை நிறுவப் போதாது என்பதை அவர் அறிந்தேயிருந்தார்.

புழுவின் பட்டைக்குக் காரணம் வேறு. அது தோலுரித்து வளர வளரப் பழுப்புப் பகுதி அகன்று செல்லும். அகன்ற பட்டையையுடைய புழு நன்றாக உண்டு முதிர்ந்த புழு. ஒடுங்கிய பட்டையையுடையது இளம்புழு. கனி நிறைந்த செடியைப் போலவே இதுவும் நேற்றைய கதையையே கூறுகின்றது. ஆயினும் நம்பிக்கை அழிந்துவிடவில்லை. வட கரோலினா மாநிலத்துப் பானர் எல்க் என்னும் சிற்றூரில் ஒக்ரோபர் மாதந்தோறும் இப்புழுக்களை நூலில் ஏறவிட்டுப் பந்தயம் நடத்தி, வென்ற புழுவின் உடலைப் பார்த்துக் குளிர்காலப் பலன் உரைக்கின்றனர். விழாவாக நோக்கின் அது இனியதே. விறகு வாங்குவதற்கு அதனை வழிகாட்டியாகக் கொள்ளலாமோ என்பதே வினா.

இனி நம்பிக்கைகளை ஒருபுறம் வைத்து, அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்றை நோக்குவோம்.

முதலாவது, இலண்டன் மாநகரில் 2008 ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 28 ஆந் திகதி இரவு, 70 ஆண்டுகளுக்கும் மேலாக ஒக்ரோபர் மாதத்திற் கண்டிராத வெண்பனி இலண்டனிற் பெய்தது. உலகம் வெப்பமடைதலைத் தடுப்பதற்கான சட்டமூலத்தைப் பாராளுமன்றம் அதே நாளில் விவாதித்து நிறைவேற்றிக்கொண்டிருந்தமை பலருக்கு நகைப்பை விளைத்தது. அடுத்து வந்த குளிர்காலம் அந்நாட்டிற் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காணாத குளிருடையதாயிற்று. 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆந் திகதி தென்கிழக்கு இங்கிலாந்திற் பெய்த வெண்பனி 18 ஆண்டுகளில் மிகப் பெரியது. அன்று இலண்டன் நகர பஸ் வண்டிகள் யாவும் நிறுத்தப்பட்டன. ஒக்ரோபரிற் பயந்தவர் பயந்தது சரியாயிற்று எனலாம்.

இரண்டாவது, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்க் கரையிலே 2011 ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 29, ஒரு சனிக்கிழமை. கனடாவிலிருந்து இறங்கிய குளிர்வளியும், வெப்பம் ஆறாத கடலிலிருந்து எழுந்த ஈரவளியும் ஒன்றோடொன்று மோதியதனால் எழுந்த புயல், மழைக்குப் பதிலாகக் கனத்த ஈர வெண்பனியைக் கொட்டியது. நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவில் 2.9 அங்குலம் பெய்தது. 1869 ஆம் ஆண்டு முதற் பேணப்பட்டுவரும் அப்பூங்காவின் பதிவேட்டில், ஒக்ரோபர் மாதத்தில் ஓரங்குல அளவை எட்டிய வெண்பனி அதுவே முதலாவது. மலைப்பாங்கான உள்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் 30 அங்குலத்துக்கும் மேற் குவிந்தது.

அப்பனியின் தீங்கு அதன் அளவினால் மட்டும் வந்ததன்று; அது வந்த காலத்தினாலும் வந்தது. ஜனவரி மாதத்து மரம் வெறுங்கொம்பாய் நிற்கும். அதிற் பனி தங்க இடமில்லை. ஒக்ரோபர் மாதத்து மரத்திலோ இலைகள் நிறைந்திருந்தன. ஒவ்வோர் இலையும் ஒரு கையாகிப் பனியை ஏந்தியது. பாரந் தாங்காத கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் வீழ்ந்தன. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரத்தை இழந்தன. கனெற்றிக்கற் மாநிலத்திற் சிலர் ஒரு வாரத்துக்கும் மேலாக இருளிலும் குளிரிலும் இருந்தனர். சிறுவர் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறும் ஹலோவீன் விழாவைப் பல ஊர்கள் பிற்போட்டன. உயிரிழந்தோரும் பலர்.

இத்தகைய தொடக்கத்தைக் கண்ட மக்கள், வரும் குளிர்காலம் கொடிதாகவே இருக்கும் என்று அஞ்சியதில் வியப்பில்லை. நடந்தது யாது? குளிர்காலம் வரவேயில்லை எனலாம். மத்திய பூங்காவில் வழமையாக ஓர் ஆண்டின் குளிர்பருவத்தில் 25 அங்குலத்துக்கு மேல் வெண்பனி பெய்யும். அவ்வாண்டுப் பருவம் முழுவதிலும், ஒக்ரோபரிற் பெய்ததையும் சேர்த்து, 7.4 அங்குலமே பெய்தது. கண்டத்து ஐக்கிய அமெரிக்கா முழுவதையும் நோக்கின், அதுவரை பதிவான குளிர்காலங்களுள் வெப்பம் மிகுந்தவற்றின் வரிசையில் அது நான்காவது இடம் பெற்றது. 2012 மார்ச்சோ அதுவரை கண்ட மார்ச் மாதங்கள் எல்லாவற்றிலும் வெப்பமானது.

குளிர் வரவில்லையெனின் நன்மைதானே என்று எண்ணலாம். மிச்சிகன் மாநிலத்துப் பழத்தோட்டக்காரர் அவ்வாறு எண்ணார். மார்ச் வெயிலை நம்பி அப்பிள் மரங்களும் சேலாப்பழ மரங்களும் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரிலில் வழமையான உறைபனி வந்தது, பூக்கள் கருகின. அவ்வாண்டு அம்மாநிலத்து அப்பிள் விளைச்சலிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. பருவத்தை மனிதர் மட்டுமன்றி மரங்களும் தவறாகக் கணித்து இழப்பெய்துவது உண்டு என்பதற்கு இது சான்று.

மூன்றாவது நிகழ்ச்சி மீண்டும் பிரித்தானியாவுக்குரியது. 2009 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலே அங்கே பனியும் இல்லை, அகாலக் குளிரும் இல்லை. நவம்பர் மாதம் மெல்லிய வெப்பமும் பெருமழையுமாய்க் கழிந்து, கம்பிரியாப் பகுதியில் வெள்ளப்பெருக்கு உண்டாயிற்று. குளிர்காலம் மெல்லியதாயிருத்தலே கூடுதலாக எதிர்பார்க்கத்தக்கது என்று நாட்டின் வானிலை நிலையமும் அறிவித்திருந்தது. ஆனால் டிசெம்பர் நடுப்பகுதியிற் காற்றுத் திசைமாறியது. 1978 - 79 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் பின் அத்தனை குளிர்ந்த பருவம் அங்கே வந்ததில்லை. 2010 ஜனவரி 7 ஆந் திகதி செய்மதி எடுத்த படத்திற் பிரித்தானியத் தீவு முழுவதும் வெண்துகில் போர்த்ததுபோற் காணப்பட்டது. நகரசபைகளின் உப்புக் கிடங்குகள் வெறுமையாயின. எஞ்சிய உப்பைப் பெருந்தெருக்களுக்கென ஒதுக்கிச் சிறுதெருக்களைக் கைவிட நேர்ந்தது.

இம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கின் உண்மை புலனாகும். ஓரிடத்தில் முந்திய பனியைத் தொடர்ந்து கடுங்குளிர் வந்தது. வேறோரிடத்தில் முந்திய பனியைத் தொடர்ந்து வெப்பம் வந்தது. இன்னுமோராண்டில் முந்திய பனியே இன்றிக் கடுங்குளிர் வந்தது. இவ்வாறிருக்க, பழமொழிகள் ஏன் மெய்யெனத் தோன்றுகின்றன? மனித நினைவு பொருந்தியவற்றைப் பேணிப் பொருந்தாதவற்றை மறந்துவிடுகின்றது. ஒன்றுக்கொன்று முரணான இரு பழமொழிகள் கையில் இருப்பின், எது நடந்தாலும் ஒன்று பலிக்கத்தானே செய்யும்!

அகாலக் குளிர் எவ்வாறு வருகின்றது என்பதை அறிந்தால் இது மேலும் தெளிவாகும். வட அகலக்கோடுகளில், நிலத்துக்கு மேலே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருவேகத்துடன் ஒரு காற்றோட்டம் வீசுகின்றது. ஜெட் காற்று என அதனை அழைப்பர். வடக்கேயுள்ள துருவக் குளிர்வளிக்கும் தெற்கேயுள்ள வெப்பவளிக்கும் இடையே ஒரு வேலிபோல அது அமைந்துள்ளது. ஆனால் அவ்வேலி நேராக நிற்பதில்லை. ஆறுபோல வளைந்து நெளிந்து செல்லும். ஒரு வளைவு தெற்கே இறங்குமிடத்திற் குளிர்வளி கீழிறங்கும். அதற்கு அண்டையிலே வளைவு வடக்கே ஏறுமிடத்தில் வெப்பவளி மேலேறும். ஆகவே ஒரு நாடு குளிரால் நடுங்கும் அதே வாரத்தில் அடுத்த நாடு வெயிலில் மகிழ்வதும் உண்டு. சில நாட்களில் வளைவுகள் நகர்ந்துவிடும். குளிரும் அவற்றோடு போய்விடும். ஒக்ரோபரில் வந்த வளைவு டிசெம்பர் வரை காத்திருப்பதில்லை.

முன்னே கூறிய 2009 பெப்ரவரிப் பனியை மீண்டும் நோக்குக. அவ்வாண்டு ஜனவரி இறுதியில், வட துருவத்துக்கு மேலேயுள்ள படைமண்டலம் திடீரென வெப்பமுற்று, அங்கே சுழன்றுகொண்டிருந்த பெருங்காற்றுச் சுழல் இரண்டாகப் பிளந்தது. அதனைத் தொடர்ந்தே கீழ்த்திசைக் குளிர்காற்று இலண்டனை அடைந்தது என வளிமண்டல அறிஞர் இணைத்துக் காட்டுவர். ஒக்ரோபர்ப் பனிக்கும் பெப்ரவரிப் பனிக்கும் இடையே தாய் பிள்ளை உறவு இல்லை. இரண்டும் ஒரே வீதியில் வெவ்வேறு நாட்களிற் சென்ற வழிப்போக்கரே.

வளிமண்டலத்தை ஏன் நீண்டகாலத்துக்கு முன்னறிய முடிவதில்லை என்பதை அமெரிக்க அறிஞர் எட்வேட் லொறென்ஸ் 1961 ஆம் ஆண்டு தற்செயலாகக் கண்டார். கணினியில் ஒரு கணிப்பைத் திரும்பச் செய்தபோது, 0.506127 என்னும் எண்ணுக்குப் பதிலாக 0.506 எனச் சுருக்கிக் கொடுத்தார். தொடக்கத்தில் இரு கணிப்புகளும் ஒத்துச் சென்றன. பின்னரோ ஒன்றுக்கொன்று சற்றும் தொடர்பற்ற வானிலைகளாய்ப் பிரிந்துவிட்டன. மிகச் சிறு வேறுபாடு வளர்ந்து வளர்ந்து முழுவதையும் மாற்றிவிடுகின்றது. ஆதலால் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால், இன்ன நாளில் இன்ன இடத்திற் பனி பெய்யும் எனக் கூறுதல் இயலாது.

அங்ஙனமாயின் பருவத்தை முன்னுணர எவ்வழியும் இல்லையோ எனின், உண்டு. காற்று விரைவில் மறப்பது. கடல் நெடுநாள் நினைவில் வைத்திருப்பது. கடலின் வெப்பம் மாதக்கணக்கில் மாறாது நின்று காற்றை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருக்கும். இவ்வுண்மைக்கு வழி திறந்த ஆராய்ச்சி நிகழ்ந்தது நமது அயல் நாடாகிய இந்தியாவிலே என்பது குறிப்பிடத்தக்கது.

பருவமழை பொய்த்துப் பெரும்பஞ்சம் விளைந்த 1877 ஆம் ஆண்டின் பின்னர், இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த ஹென்றி பிளான்போட், இமயமலையில் வெண்பனி மிகுந்தால் அடுத்துவரும் பருவமழை குறையும் எனக் கருதி முன்னறிவித்தல்கள் செய்தார். சில ஆண்டுகள் அது பொருந்தியது; பின்பு பிழைத்தது. 1899 ஆம் ஆண்டு மழை மீண்டும் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1904 ஆம் ஆண்டில் அப்பதவியேற்ற கில்பேட் வோக்கர் என்னும் கணித அறிஞர், ஓர் அறிகுறியை மட்டும் நம்பாது, உலகெங்குமிருந்து அமுக்கம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே அமுக்கம் தராசுத் தட்டுகள்போல ஏறியிறங்குவதை அவர் கண்டு தெற்கலைவு என்றார். அத்திலாந்திக்கின் வடபாகத்திலும் அவ்வாறான தராசு ஒன்று உண்டென அவர் விளக்கினார். இந்திய உழவனின் மழையை அறியப் புறப்பட்டவர் ஐரோப்பியரின் குளிர்காலத்துக்கும் ஒரு திறவுகோலைக் கண்டெடுத்தார்.

பின்னர், 1969 ஆம் ஆண்டில், ஜேக்கப் பியேக்னஸ் என்பார் வோக்கர் கண்ட தெற்கலைவையும், பேரு நாட்டுக் கரையோரக் கடல் வெப்பமடையும் எல் நினோவையும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என இணைத்துக் காட்டினார். எல் நினோ ஆண்டுகளில் வட அமெரிக்காவின் வடபகுதியிற் குளிர்காலம் மெல்லியதாதல் கூடும். அதே ஆண்டுகளில் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை இலங்கையிற் பெய்யும் மழை மிகுதலும் கூடும். பெரும்போகத்துக்கு விதைக்கும் வன்னி உழவனும், விறகு அடுக்கும் அமெரிக்க முதியவளும் ஒரே கடலின் ஏவலுக்கு உட்பட்டவர்களே.

அத்திலாந்திக் தராசின் சாய்வைக் குளிர்காலத்துக்கு ஒரு மாதம் முன்னரே ஓரளவு கணிக்கலாம் எனப் பிரித்தானிய ஆய்வாளர் 2014 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். ஆயினும் இவை யாவும் "கூடும்" என்னும் சொல்லோடு நிற்பவை. ஒரு பக்கம் பாரமேற்றிய பகடையை உருட்டினாலும் சிலவேளை மறுபக்கம் விழத்தான் செய்யும். 2009 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அதுவே. மென்மையே கூடுதலாக எதிர்பார்க்கத்தக்கது என நிலையம் கூறியதை மக்கள் மென்மை உறுதி எனக் கேட்டனர். பழி சூழ்ந்தமையால், 2010 மார்ச் மாதத்தில், பொதுமக்களுக்கெனப் பருவகால எதிர்வுகூறல் வெளியிடுவதை நிறுத்துவதாக அந்நிலையம் அறிவித்தது. கூறியவரும் கேட்டவரும் ஒரே சொல்லை இருவகையாக விளங்கிக்கொண்டமையே அத்துன்பத்துக்கு வேர்.

உலகம் மெல்ல மெல்ல வெப்பமடைவதனால் வடநாட்டுக் குளிர்காலங்கள் பொதுவிற் குறுகியும் மெலிந்தும் வருகின்றன. எனினும் துருவத்திற் குளிர்வளி இருக்குமளவும், ஜெட் காற்று நெளியுமளவும், ஒக்ரோபர் காலையொன்றில் முற்றம் வெளுப்பது நின்றுவிடாது. அக்காலை, அந்த வாரத்து வானிலையைக் கூறுகின்றது. அதற்கு மேல் அது ஏதுங் கூறுவதில்லை.

ஆதலால் வடநாட்டில் விவேகமுள்ள குடும்பத்தார் பனியையும் புழுவையும் பார்த்து விறகின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. வழமையான குளிர்காலத்துக்குப் போதுமானதையும், கடுங்குளிருக்கென ஒரு பங்கு மேலதிகமாகவும் அடுக்கி வைக்கின்றனர். தனித்து வாழும் அயல்வீட்டு முதியவரிடம் போர்வையும் எண்ணெயும் உண்டோவெனக் கேட்டு வருகின்றனர். குளிர்காலம் மெல்லியதாயின் எஞ்சிய விறகு அடுத்த ஆண்டுக்கு உதவும். கடியதாயின் அம்முதியவர் இளவேனில் மலர்வதைக் காண்பார்.